சொல்லாமல் இடித்த வீடு

என் மாமனார் தம் கரோல் பாக் வீட்டைப் பேத்தியான என் மகளின் பேரில் டிரஸ்டாக எழுதி, தம் ஆபீஸ் நண்பர் ஒருவரை டிரஸ்டியாக நியமித்துவிட்டுக் காலமானார். அந்த நண்பருக்கு வெளுத்த சஃபாரி சட்டை, ஒட்ட வெட்டிய நரைமீசை, நிதானமான குரல். அவரைப் பார்த்தால் யாருக்கும் நம்பத் தோன்றும். வீட்டைப் பற்றி நான் எது கேட்டாலும், "குழந்தை சாப்பிட்டாளா?" என்றுதான் ஆரம்பிப்பார். அவள் சாப்பாட்டைப் பற்றிப் பேசியே நான் திரும்பிவிடுவேன்.

ஒருநாள் மகளோடு கரோல் பாக் போனபோது வீட்டுக்குக் கூரையே இல்லை. சுவரை இடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பில்டர்கிட்ட கொடுத்தாச்சே பாபிஜி, உங்களுக்குத் தெரியாதா?" என்றார் எதிர்க்கடைக்காரர்.

அங்கிருந்தே டிரஸ்டியின் வீட்டுக்குப் போனேன்.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா?"

"நல்ல பில்டர்ம்மா. புதுசா கட்டி, ஒரு மாடி அவன் எடுத்துப்பான், மீதியெல்லாம் பாப்பாவுக்கு. நீ எல்லாத்துக்கும் பயப்படறவ. சொன்னா தூங்க மாட்டே."

"நான் தூங்கறதை நான் பாத்துக்கறேன் மாமா. வீடு உங்களோடது இல்ல, இவளோடது."

"அச்சா, இனிமே சொல்றேன்."

"இடிச்சப்புறம் சொல்ல என்ன இருக்கு?"

ஒப்பந்தத்தை வாங்கி ஒரு வக்கீலிடம் காட்டினேன். அதில் பிசகில்லை, குழந்தைக்கு லாபம்தான் என்றார் அவர். பெரியவரிடம் கடுமையாகப் பேசிவிட்டேனோ என்று மன்னிப்புக் கேட்க ஃபோனை எடுத்தேன். எதற்காகக் கேட்பது என்று தெரியாமல் வைத்துவிட்டேன். மறைக்க ஒன்றுமே இல்லாத மனிதர் எங்களிடம் ஏன் மறைத்தார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.