அடி தெரியாத தண்ணீர்

என் நாத்தனார் வயதில் எனக்கு இளையவள், வாயில் மூத்தவள். நகராட்சிப் பூங்காவுக்கும் அதற்குள் இருக்கும் நீச்சல் குளத்துக்கும் அவள்தான் மேலாளர். ஊஞ்சல் சங்கிலி துருப்பிடித்தாலும், கழிப்பறையில் தண்ணீர் வராவிட்டாலும் திட்டு அவளுக்குத்தான்.

காலையில் திறப்பதற்கு முன் ஆழமான பக்கத்தில் நின்று குனிந்து பார்ப்பாள். அடியில் இருக்கும் கறுப்புச் சல்லடை மூடி பளிச்சென்று தெரிய வேண்டும். கொஞ்சம் மங்கினாலும் அன்றைக்குக் கதவு திறக்காது. வெளியே பெற்றோர்கள் தையதக்கா என்று குதிப்பார்கள். "தண்ணி கலங்கியிருக்கு, வீட்டுக்குப் போங்க" என்பாள், அவ்வளவுதான்.

காரணம் ஊருக்கே தெரியும். முன்பு ஒரு விடுமுறை நாளில் வடிகட்டி பழுதாகித் தண்ணீர் வெளுத்துக் கிடந்தது. வாசலில் நின்ற பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து மனசு இளகி, திறந்துவிட்டாள். சாயங்காலம் விசில் ஊதினாள், எல்லோரும் ஏறிவிட்டார்கள் என்றே நினைத்தாள். ஒரு பையனுடைய அம்மா மட்டும் துண்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

விசாரணையில் பழி இயந்திரத்தின் மேல் போயிற்று. "யாராவது என்னை நாலு அறை விட்டிருந்தா நிம்மதியாத் தூங்கியிருப்பேன் அண்ணி" என்று ஒருமுறை சொன்னாள்.

கோடை வகுப்பில் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரையும் சேர்ப்பாள். என் மகளை மட்டும் மாட்டாள். மகளோ வருஷா வருஷம் அழுது தொலைக்கிறாள். எனக்குப் பொறுமை போயே போய்விட்டது.

"ஊரான் பிள்ளைங்க மீன் மாதிரி நீந்துது. உன் சொந்த மருமக கரையில உக்காந்து வேடிக்கை பாக்கணுமா? நாளைக்கு எங்கயாவது தண்ணில விழுந்தா நீயா வந்து தூக்குவே?"

"கோவிச்சுக்காதீங்க அண்ணி. அவன் இன்னும் உள்ளதான் இருக்கான்."

"கலங்கின தண்ணியப் பாத்தா யாருக்கும் அப்படித்தான் தோணும்."

"இல்ல அண்ணி. தெளிஞ்ச தண்ணியிலதான் நல்லாத் தெரியுறான்."

இருந்தாலும் நான் விடவில்லை. நச்சரித்து நச்சரித்து மகளைச் சேர்த்தேன். வகுப்பு நடந்த நாளெல்லாம் நாத்தனார் அந்தப் பக்கமே வரவில்லை. பயிற்சியாளரம்மாதான் பார்த்துக்கொண்டாள்.

கடைசி நாள் தேர்வு. அடியில் போட்ட வளையத்தை மூழ்கி எடுத்து வர வேண்டும். அன்றைக்கு மேலாளர் இல்லாமல் முடியாது என்பதால் வந்து நின்றாள், முகத்தில் ஈயாடவில்லை. என் மகள் மூழ்கினாள். வளையம் கைக்கு அகப்படாமல் உருண்டதோ என்னவோ, உள்ளேயே தேடிக்கொண்டிருந்தாள்.

நாத்தனார் மண்டியிட்டுத் தண்ணீரைப் பார்த்துக் கத்தினாள். "தம்பி! விசில் ஊதியாச்சு! மேல வாப்பா, தம்பி!"

விசிலே ஊதவில்லை.

மகள் வளையத்தோடு மேலே வந்தாள். அவள் காதில் அது விழுந்திருக்கிறது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். வாய்க்கு வாய் 'அத்தை' என்று கூப்பிடுகிறவள், குளத்துப் பிள்ளைகள் கூப்பிடுவதுபோல், "வந்துட்டேன்க்கா" என்றாள்.

நாத்தனார் அவளுடைய ஈரத்தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"இவ்வளவு நாளா எங்கடா இருந்தே?"