சிட்டுவுக்குப் போட்ட பூட்டு

என் நாத்தனாரைப் பள்ளிப் பிள்ளைகள் பினாயில் அக்கா என்பார்கள். அவள் கழுவிய கழிப்பறையில் உட்கார்ந்து சோறு தின்னலாம் என்று மாமியார் பெருமை பேசினால், "முதல்ல நீயே தின்னும்மா" என்பாள். வாய் அப்படி, மனசு வெள்ளை. புருஷன் போன பிறகு பள்ளியில் அந்தக் கழிப்பறை கழுவும் வேலைதான் அவளுக்குச் சோறு போடுகிறது.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளை. பையன் என்று ஊர் சொல்லும். "நான் பொண்ணு" என்று அந்தப் பிள்ளை சொல்லும். கூடப் படிக்கும் பெண்கள் சிட்டு என்று பெயர் வைத்து, வாடி போடி என்றே பேசுவார்கள். சிட்டு பையன்கள் கழிப்பறைக்குப் போனால் கதவைத் தட்டிச் சிரிக்க நாலு பேர் இருந்தார்கள். நாத்தனாருக்கு வயிறு எரிந்தது. பெண்கள் பக்கம் கடைசிக் கழிப்பறையைக் கழுவிப் பூட்டுப் போட்டாள்.

"உனக்குன்னே தனியா வச்சிருக்கேன் கண்ணு. என்கிட்ட வந்து சாவி வாங்கிக்க."

நல்லது செய்வதாகத்தான் நினைத்தாள். சாவி கேட்க மைதானம் முழுக்க நடக்க வேண்டும், பள்ளியே பார்க்கும். சிட்டு தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள். ஒருநாள் வகுப்பிலேயே மயங்கி விழுந்தாள். சிறுநீர்ப் பையெல்லாம் புண் என்றார் டாக்டர்.

மறுநாள் வகுப்புப் பெண்கள் நாத்தனாரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"யாரைக் கேட்டுக்கா பூட்டு போட்டீங்க?"

"உங்களுக்குக் கூச்சமா இருக்கும்னுதான்டி..."

"எங்களுக்குக் கூச்சம்னு நாங்க சொன்னோமா? கதவு இருக்கு, தாழ்ப்பா இருக்கு. அவ எங்ககூட வருவா."

நாத்தனார் பூட்டைக் கழற்றிக் குப்பை வாளியில் போட்டாள். தலைமையாசிரியர் கூப்பிட்டு அனுப்பினார்.

"பொண்ணுங்களைப் பெத்தவங்க வந்து கேட்டா நீயா பதில் சொல்லுவ? போய்ப் பூட்டு."

"மயங்கின பிள்ளையைத் தூக்கிட்டு ஓடினது நான் சார். அன்னிக்குப் பெத்தவங்க யாரும் ஞாபகத்துக்கு வரலையா?"

வீட்டுக்கு வந்து பாத்திரங்களை உருட்டினாள். பொறுமையாக இரு என்றேன்.

"பொறுமையா இருக்கச் சொல்றீங்களே, எரியறது உங்களுக்கா அண்ணி?"

அன்று எனக்கு ஜெபம் வாயில் வரவில்லை. கோபம்தான் வந்தது. தாகத்தைப் படைத்த கடவுள் தண்ணீரையும் படைத்தார், அது வெளியே போக வழியையும் படைத்தார். நடுவில் பூட்டோடு நிற்க இந்த மனிதர் யார்?

அடுத்த நாள் தலைமையாசிரியர் காவலாளியை விட்டு அந்தக் கடைசிக் கழிப்பறைக்குப் புதுப் பூட்டு மாட்டினார். ஒரு பெண்கூடப் பெண்கள் கழிப்பறைப் பக்கம் போகவில்லை. சிட்டுவை நடுவில் வைத்துக்கொண்டு, தலைமையாசிரியர் அறையை ஒட்டிய அவருடைய கழிப்பறை முன்னால் வரிசை கட்டினார்கள். அவர் உள்ளே இருந்தார்.

"சார், அவசரம்! சீக்கிரம் வாங்க!"

மாலைக்குள் பூட்டு போய்விட்டது. ஒரு வார்த்தை மன்னிப்பு இல்லை. நாத்தனாரை வெயிலில் மைதானம் கூட்டத் தள்ளிவிட்டார்கள். சிட்டு இப்போது தோழிகளோடு போகிறாள். ஆனாலும் ஒரு மடக்குக்கு மேல் தண்ணீர் குடிக்கப் பயப்படுகிறாளாம். பிள்ளைகளுக்கு விளங்கியது பெரியவர்களுக்கு விளங்கவில்லை. போனதை விடு, அந்தத் தலைமையாசிரியரை மன்னித்துவிடு என்கிறார்கள் ஊரார் என்னிடம். அந்தப் பிள்ளை பயமில்லாமல் ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்.