அவிட்டத்தில் அடைத்த வீடு

அந்த வருஷம் தை மாதம் விருத்தாசலத்தில் திரௌபதி ஏறி இறங்காத வீடு பாக்கியில்லை. பீங்கான் கம்பெனியில் கரண்டு பீஸ் கட்டை செய்கிற வேலை முடிந்ததும் கைகாலைக் கூடக் கழுவாமல் வீடு தேடக் கிளம்பிவிடுவாள். புருஷன் இல்லை. ஒரே மகள் அன்புக்கரசிக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். அழைத்து வர வீடு என்று ஒன்று வேண்டுமே! குடியிருந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். போன இடமெல்லாம், புள்ளைத்தாச்சி வருகிறாள் என்றதும், தீட்டு அது இது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இவர்களெல்லாம் வானத்திலிருந்தா குதித்தார்கள்?

பாலகிருஷ்ணன் ஒருவர்தான் மறுக்கவில்லை. உளுந்தூர்பேட்டை ரோட்டை ஒட்டிப் புதிதாகப் பிரித்த நகரில் அவர் வீடு சும்மா கிடந்தது. சுற்றிலும் காலி மனைகள், கருவேல முள். வீட்டைக் காட்ட அவரோடு வந்த மனைவி காசியம்மாள், “பொண்ணுக்கு எத்தினி மாசம்?” என்று கேட்டாள். ஏழு என்றதும் சாவியைத் தன் கையாலேயே கொடுத்தாள். “நல்லபடியா வரட்டும்மா ஒம் பொண்ணு.” திரௌபதிக்குக் கண் கலங்கிவிட்டது.

பால் காய்ச்சிக் குடியேறினாள். மகள் படுக்கப்போகிற உள்ளறைக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போதுதான் பின்சுவரில் அந்த விரிசலைப் பார்த்தாள். ஆள் உயரத்தில், ஒரு கதவின் அகலத்துக்கு, சட்டம் போட்டது போல் ஓடியது. இருபது வருஷமாகப் பீங்கான் மண்ணைத் தொடுகிறவளுக்குத் தெரியாதா? காய்ந்ததோடு ஈரமண்ணை ஒட்டினால் அந்த ஒட்டில்தான் பிளக்கும். இங்கே யாரோ சுவரை உடைத்துப் பிறகு அடைத்திருக்கிறார்கள்.

தெருமுனைக் கடைக்காரம்மாவிடம் கேட்டாள்.

“தெரியாதயா குடி வந்த? அடைப்பு வூடு அது. காசியம்மா பொண்ணு கனகா, பிரசவத்துக்கு வந்தவ, புள்ளயோட போயிட்டா. அவிட்டத்துல செத்தா. செவுத்த ஒடச்சித்தான் எடுத்தாங்க. ஆறு மாசம் பூட்டியே கெடந்துச்சி.”

திரௌபதி நேரே வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அவிட்ட நட்சத்திரத்தில் செத்தவரை வாசல் வழியாக எடுத்தால் வழி தெரிந்து திரும்பி வந்துவிடுவார்கள் என்பார்கள். விஷயம் கருவேப்பிலங்குறிச்சிச் சம்பந்தி வீட்டுக்கு எட்டினால் பெண்ணை அனுப்பவே மாட்டார்கள். வேறு வீடும் கிடைக்காது. பீரோவை நகர்த்தி விரிசலை மறைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அந்தப் பாவத்தை அவள் தெரிந்தே செய்தாள்.

வளைகாப்பு முடிந்து அன்புக்கரசி கை நிறைய வளையலோடு வந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். வீட்டின் பின்பக்கம் முணுமுணுப்புக் கேட்டுத் திரௌபதி போய்ப் பார்த்தாள். காசியம்மாள் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“இன்னாங்க பண்றீங்க இங்க?”

“கனகாகிட்ட பேசிக்கினு இருக்கேன். வாசலு தெரியாத அலையுது எம் புள்ள. உள்ள ஒரு வயிறு இருக்குது, வந்துடும்மான்னு சொன்னேன்.”

சாவியைக் கையில் கொடுத்தது இதற்குத்தானா! “அடிப்பாவி!” என்று கத்திவிட்டாள் திரௌபதி. “எம் பொண்ணு வயிறுதானா கெடச்சிது ஒனக்கு? இந்தப் பக்கம் இனிமே வந்த, மருவாதி கெட்டுடும்!”

காசியம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. மெதுவாக நடந்து போய்விட்டாள். மாதம் நெருங்கிய பெண்ணை வைத்துக்கொண்டு திரௌபதி எங்கே போவாள்?

ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம். பெண் குழந்தை, தாயும் நலம். இனி ஒன்றும் இல்லையென்று திரௌபதி பெருமூச்சு விட்டாள். ஆனால் வீட்டுக்கு வந்த நாள் முதல், விளக்கு வைக்கிற நேரமானால் குழந்தை வீறிட்டு அழுதது. டாக்டர் வயிற்றில் காற்று என்றார். பதினோராம் நாள் வெள்ளிக்கிழமை. தூக்கினாலும் அழுகை, ஆட்டினாலும் அழுகை. அப்போது பீரோவுக்குப் பின்னாலிருந்து, சுவருக்கு வெளியே, மெல்லிய குரல்.

“கனகா...”

அழுகை சட்டென்று நின்றது. குழந்தையின் முகம் பீரோ பக்கம் திரும்பியது.

அன்புக்கரசி சிரித்தாள். “பாரும்மா, யாரோ யாரயோ கூப்புடுறாங்க, இவ அடங்கிட்டா!”

திரௌபதிக்கு அன்று சோறு இறங்கவில்லை. விடிந்ததும் டெம்போ பேசினாள். பிரசவம் முடிந்துவிட்டதால் கம்பெனித் தோழி வீட்டில் ஒரு அறை தருவதாகச் சொன்னார்கள், அது போதும். “இன்னாத்துக்கும்மா இந்த அவசரம்?” என்று மகள் கேட்டதற்கு, “தண்ணி சரியில்லடி” என்றாள்.

சாமான் ஏறியது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு திரௌபதி வாசற்படி இறங்கினாள். சாவி வாங்க வந்து கேட் அருகே காசியம்மாளும் பாலகிருஷ்ணனும் நின்றிருந்தார்கள். தடுப்பாளோ, அழுவாளோ என்று இவள் பயந்தாள். காசியம்மாள் சிரித்த முகமாகப் புருஷனைத் தொட்டுக் குழந்தையைக் காட்டினாள்.

“பாருங்க, வாசப்படி வழியா போறா எம் பொண்ணு. இனிமே அவளுக்கு வழி தெரியும்.”

திரௌபதி முந்தானையை இழுத்துக் குழந்தையின் கண்களை மூடினாள். வண்டி தெரு திரும்பும்வரை அதை எடுக்கவே இல்லை.