பதினொரு கேள்விகள்

1. நகரியில் இருந்த நெசவாளர் சங்கத்தின் கிடங்கிலிருந்து நூல் காணாமல் போனது.
2. அதைக் கவனிக்காமல் கணக்கில் கையெழுத்திட்டதாக ஆடிட்டர் மீது சங்கத்தார் சித்தூர் கோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். பிராதில் "கவனக்குறைவாகத் தணிக்கை செய்தார்" என்ற ஒரு வரிதான் இருந்தது.
3. ஆடிட்டரின் வக்கீலிடம் நான் வேலை பார்த்தேன். கணக்குப் படித்தவள் என்பதால் பதினொரு கேள்விகள் எழுதிக் கொடுத்தேன். எந்தத் தேதி? எந்தப் பதிவேடு? எந்தச் சோதனை விடுபட்டது?
4. வக்கீல் அவற்றைக் கோர்ட்டில் கொடுத்தார். சங்கம் ஒரு மாதத்துக்குள் பதில் தராவிட்டால் பிராது நிற்காது என்றார் நீதிபதி.

சங்கத்தின் பதிவேடுகளோ, ஆந்திர எல்லை பிரித்தபோது, அவை இருந்த திருத்தணி கூட்டுறவு அலுவலகத்தோடு சென்னை ராஜ்யத்துக்குப் போய்விட்டன. அங்கே கேட்டால் இங்கே கைகாட்டினார்கள்.

கெடு முடிந்த அன்று, சங்கத் தலைவர் என் கேள்வித்தாளோடு கோர்ட் வராந்தாவில் என்னிடம் வந்தார்.

"ஏம்மா, நாங்க தறியில குந்திக்கினு நெய்யறவங்க. அவரு எந்தத் தாளைப் பார்க்காம வுட்டாருன்னு எங்களுக்கே தெரிஞ்சிருந்தா, அவரை எதுக்கும்மா வெச்சோம்?"

அவர் எதைப் பார்க்காமல் விட்டார் என்று எனக்குத் தெரியும். ஆடிட்டர் அந்தக் கிடங்குக்குப் போகவே இல்லை. அப்படி அவர் கைப்பட எழுதிய குறிப்பு எங்கள் வழக்குக் கட்டில் இருந்தது. அதைப் படித்த பிறகுதான் கேள்விகளை எழுதினேன்.

தலைவர் போனதும் எங்கள் வக்கீலின் தெலுங்குக்காரப் பெரிய குமாஸ்தா சிரித்தார். "பலே அம்மாயி! ஒரே காகிதத்துல கேஸை முடிச்சிட்டியே!"

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் இறங்கியது. அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

பிராது தள்ளுபடியாகிவிட்டது. அப்பீலுக்கான கெடுவும் தாண்டிவிட்டது. சங்கம் பூட்டிக் கிடக்கிறது. நான் அதே வக்கீலிடம்தான் வேலை பார்க்கிறேன்.