மூன்றாவது கோன்

எங்கள் வீட்டு டிவி அலமாரியில் விரல் நீளத்துக்கு ஒரு களிமண் கட்டை இருக்கிறது. அதன்மேல் வரிசையாக மூன்று சிறிய கூம்புகள். முதலாவது முழுதாக மடங்கிக் கட்டையைத் தொட்டிருக்கும். இரண்டாவது தலை மட்டும் குனிந்திருக்கும். மூன்றாவது விறைப்பாக நிற்கும். பீங்கான் சூளைக்குள் இதை வைத்துவிட்டு, கதவிலுள்ள துளை வழியாகப் பார்ப்பார்கள். எது வளைந்திருக்கிறது என்பதைக் கொண்டு சூடு போதுமா, மிஞ்சிவிட்டதா என்று அறிவார்கள். விருத்தாசலத்தில் இதற்குக் கோன் என்று பெயர். என் பெரியம்மா மகள், பாலிடெக்னிக்கில் செராமிக் படித்தபோது தன் கையால் அடுக்கி எரித்த முதல் சூளையிலிருந்து எடுத்துவந்து, பள்ளிச் சிறுமியாக இருந்த என்னிடம் கொடுத்தாள். "மூணாவது குனியக் கூடாதுடி. அதுவும் குனிஞ்சிட்டா உள்ள இருக்கிற சரக்கு மொத்தமும் போச்சு."

அந்த வகுப்பில் அக்கா ஒருத்திதான் பெண். முழங்கை வரை வெள்ளை மண்ணோடும் பொசுங்கிய புருவத்தோடும் வீட்டுக்கு வருவாள். "சூளை வேலைக்குப் போற பொண்ண எவன் கட்டிக்குவான்?" என்று என் அம்மா கேட்டால், "சூளையவே கட்டிக்கிறேன், போ சித்தி" என்பாள். படிப்பு முடிந்து ஒரு பீங்கான் கம்பெனியில் சூளை வேலைக்குச் சேர்ந்தாள். சில மாதங்களிலேயே பொம்மைக்குக் கண் எழுதும் பெயிண்டிங் பகுதிக்கு மாறிவிட்டாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவளுக்குக் கை நல்லா வரும், அதான் என்றார்கள். நானும் அதையே நம்பினேன். என் முறை வந்தபோது எனக்குக் கணக்கு படிக்க ஆசை. போகிற வீட்டுக்கு உதவும் என்று ஹோம் சயன்ஸில் சேர்த்தார்கள். சேர்ந்தேன்.

இப்போது என் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். செராமிக் இன்ஜினியரிங்தான் வேண்டும் என்கிறாள். சிறு வயதிலிருந்து அந்தக் கோனை வைத்து விளையாடியவள். எனக்குப் பயம்தான், ஆனாலும் அக்கா கேட்டால் சந்தோஷத்தில் குதிப்பாள் என்று நினைத்து, போன ஞாயிற்றுக்கிழமை மங்கலம்பேட்டையிலிருந்து அவளை வரச் சொன்னேன். அக்கா வந்தாள், கேட்டாள், டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அதெல்லாம் வேணாம். நர்ஸிங் போடச் சொல்லு. பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடி சூளைப் படிப்பு?"

என் காதை என்னால் நம்ப முடியவில்லை. "நீயாக்கா இத சொல்ற?" என்றேன். அப்போதுதான், இத்தனை வருஷம் யாருக்கும் சொல்லாததை எங்கள் சமையலறையில் நின்று சொன்னாள்.

கம்பெனியில் அவள் பொறுப்பில் எரித்த முதல் சூளை. கற்பூரம் ஏற்றித்தான் பற்றவைத்தார்கள். கதவைத் திறந்தபோது பாதிச் சரக்கு வெடித்துக் கிடந்தது. முதலாளி எல்லா ஆண்கள் முன்னாலும் அவளைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாராம்: "ஏம்மா, நீ வூட்டுக்குத் தூரமா?"

மாதவிலக்கா என்று கேட்கிறார். படித்துப் பட்டயம் வாங்கி வந்த பெண்ணிடம். மறுநாளே அவள் கையில் பிரஷ்ஷைக் கொடுத்துவிட்டார்கள். கை நல்லா வரும் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த கை அது.

வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மகள் தலை குனிந்தபடி, "நர்ஸிங்கே போட்டுடவாம்மா?" என்றாள். சரி என்ற சொல் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வந்தது தெரிந்ததும் எனக்கே தூக்கிவாரிப்போட்டது. அதை விழுங்கிவிட்டு, வேறு என்ன பேசுவதென்று தெரியாமல் அக்காவிடம் கேட்டேன்: "நெசமாவே அது ஏன்கா வெடிச்சிச்சு?"

"ஈரம் காயலடி" என்றாள் உடனே. "மழை நாளு. ஆர்டர் அவசரம்னு பச்சையாவே அடுக்கிட்டானுங்க. ரெண்டு நாளு போவட்டும்னு நான் காலையிலயே சொன்னேன்."

மகள் நிமிர்ந்தாள். "அப்ப அத அவங்ககிட்ட சொல்ல வேண்டியதுதான பெரிம்மா?"

"யாருகிட்டடி சொல்றது? எல்லாரும் எம் பொடவையப் பாத்துக்கினு நிக்கிறானுங்க."

மகள் அலமாரிக்குப் போய்க் கோனை எடுத்துவந்து தன் மடியில் வைத்துக்கொண்டு செல்போனில் இன்ஜினியரிங் கவுன்சலிங் பக்கத்தைத் திறந்தாள். முதல் விருப்பமாகச் செராமிக்கைப் போட்டுவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தாள். அக்கா பையை எடுத்துக்கொண்டாள். பஸ் ஏற்றிவிட நான் கூடவே போனேன். படியில் கால் வைத்தவள் திரும்பி, "ஈரம் காயாம அடுக்கக் கூடாதுன்னு அவகிட்ட சொல்லி வையி" என்றாள்.

என் பெண்ணிடம் அதே கேள்வியைக் கேட்க எங்கோ ஒருவன் இருப்பான் என்றே தோன்றுகிறது. அலமாரியைக் கடக்கும்போதெல்லாம் நின்று பார்த்துக்கொள்கிறேன். மூன்றாவது நிற்கிறது.