பின்பக்கத்துக்கு ஒரு கம்பி

தொண்ணூறுகளின் பிற்பாதியில் நான் ஒரு பழைய சின்ன கார் வாங்கியதற்கு ஒரே காரணம் என் மனைவியின் வாந்தி. கேட்டவர்களிடம் அதைச் சொல்லவில்லை. காலம் மாறுகிறது, வீட்டில் ஒரு வண்டி வேண்டும்தானே என்று பெரிய மனிதன் போலப் பேசிவைத்தேன்.

எங்கள் வீடு உதியன்குளங்கரைக்குப் பக்கத்தில். அவள் கணக்கு டீச்சர். அந்த வருடம் அவளை வெள்ளறடைக்கும் மேலே மலைப்பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு மாற்றியிருந்தார்கள். ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறும் வழி. பஸ்ஸில் நாலாவது வளைவு வரும்போதே அவளுக்கு வயிறு புரளத் தொடங்கிவிடும். எலுமிச்சை, இஞ்சி, மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று. மாத்திரை போட்டால் வாந்தி நிற்கும், ஆனால் கரும்பலகை முன்னால் நின்றுகொண்டே கண் சொக்கும். பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்பதுதான் அவளுக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "வாற ஆவணி ஓணப் பரீட்ச வரைக்கும் பாக்கியேன். சரியாவலேன்னா வேலைய எழுதிக் குடுத்துட்டு வீட்டுல இருக்கியேன்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் சும்மா விட்டிருப்பேன். இவள் தேங்காய் உடைத்தால்கூட பாதி, கால், அரைக்கால் என்று பின்னக் கணக்கு பேசுகிறவள். வகுப்பறை இல்லாமல் அவள் என்ன ஆவாள் என்று நினைத்து நான் பயந்துபோனேன். அடுத்த மாதமே கார் வந்தது. தினமும் காலையில் நானே அவளைப் பள்ளியில் விட்டுவிட்டு நெய்யாற்றின்கரை அலுவலகத்துக்குத் திரும்பி ஓடினேன். வாந்தி மட்டும் நிற்கவில்லை. பஸ்ஸில் நாலாவது வளைவு, காரில் ஆறாவது வளைவு, அவ்வளவுதான் முன்னேற்றம்.

பாறசாலையில் பட்டறை வைத்திருந்தவன் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

"வளையும்போ வண்டி ஒரு பக்கமாட்டு சாயுது மக்கா. முன்னால இதத் தடுக்க ஒரு கம்பி உண்டு. பின்னால ஒண்ணும் இல்ல. அதாக்கும் அவளுக்கு வயித்தப் பொரட்டுது."

கோயம்புத்தூரில் பந்தயக்காரர்களுக்கு இந்த மாதிரி ஸ்டெபிலைசர் கம்பி வளைத்துக் கொடுக்கும் பட்டறை ஒன்று அவனுக்குத் தெரிந்திருந்தது. சொல்லி இரண்டு வாரத்தில், சாக்கில் சுற்றிய கம்பி லாரி பார்சலில் வந்து இறங்கியது. கட்டைவிரல் தடிமன், இரண்டு முனையும் மடங்கியது. கூடவே இரண்டு ரப்பர் புஷ், கிளாம்புகள், நட்டு போல்ட்டுகள். அந்த ஒரு கம்பி என் மனைவியின் வேலையைக் காப்பாற்றப்போகிறது என்று நான் மனதார நம்பினேன்.

மாட்டுவதற்கு அரை நாள் பிடித்தது. பின் அச்சில் ரப்பர் புஷ்களோடு கம்பியைக் கிளாம்பு போட்டுப் பிடித்து, இரண்டு முனைகளையும் சின்ன இணைப்புத் துண்டுகளால் பாடியோடு சேர்த்தான். நான் ஆர்வக்கோளாறில் ஸ்பானரை எடுத்து இறுக்கப் போனேன். "எலே, வையி அத. சக்கரம் தொங்கும்போ முறுக்கினா கம்பி ஒரு முறுக்கோடயே நிக்கும். வண்டி தரையில நிக்கணும்" என்று கத்தினான். ஜாக்கியை இறக்கிவிட்டு, அடியில் படுத்துத்தான் கடைசி முறுக்கு முறுக்கினான். மழையில் வேகம் போகாதே, பின்பக்கம் வழுக்கும் என்றும் சொன்னான்.

வண்டி நிஜமாகவே மாறிவிட்டது. வளைவில் சாயாமல் ரோட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பியது. இரண்டு நாள் அவளுக்கு வாந்தி இல்லை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மூன்றாம் நாளிலிருந்து வளைவுகளில் பிரேக்கையே தொடாமல் திருப்ப ஆரம்பித்தேன், வண்டிதான் தாங்குகிறதே! அவள் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். அன்று பள்ளிக்கூட மதிலோரம் வாந்தி எடுத்தாள். கம்பி இன்னும் கொஞ்சம் தடிமனாக இருந்திருக்கலாம் என்று நான் நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

ஜூனில் மழை தொடங்கியதும் பின்னாலிருந்து கீச்சென்று சத்தம் வந்தது. எங்கள் வீடுகளில் கீச்சென்று எது கத்தினாலும் ஒரே மருந்துதான். கதவுக்கீல், கிணற்று உருளை, தையல் மெஷின், எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய். காரின் அடியில் புகுந்து இரண்டு புஷ்களுக்கும் தாராளமாக விட்டேன். சத்தம் உடனே நின்றது. இனி இது மாதாந்திரப் பராமரிப்பு என்று முடிவுசெய்து, இரண்டு மாதம் தவறாமல் விட்டேன். பிறகு ஒவ்வொரு வளைவிலும் டொக் டொக்கென்று இடிக்கத் தொடங்கியது.

நண்பன் கிளாம்பைக் கழற்றினான். உள்ளே ரப்பர் ஊதி, பிசுபிசுத்து, விரலால் அழுத்தினால் குழியும் பதத்தில் இருந்தது. மோந்து பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"வெளிச்செண்ணெயா விட்ட? சுத்தி முழுக்க ரப்பர் தோட்டம், உனக்க வீட்டுலயும் ஷீட்டு அடிக்கிய மெஷின் உண்டு. ரப்பருக்கு எண்ண ஆவாதுன்னு தெரியாதாலே? பஞ்சர் கடையில டியூபுக்கு பவுடர் தானே போடுதாவ, எண்ணயா விடுதாவ?"

புது புஷ் வரவழைத்து, பவுடர் தூவி மாட்டினான். ஆனாலும் ஒரு டொக் மிச்சம் இருந்தது, அதுவும் மலை வளைவுகளில் மட்டும். பட்டறையில் எவ்வளவு ஆட்டிப் பார்த்தும் பிடிபடவில்லை. "ஒருத்தன் ஓட்டணும், ஒருத்தன் பின்சீட்டக் களத்திட்டு காத வச்சிக் கேக்கணும். எனக்கு இங்க வேல கெடக்கு, நீயே கண்டுபிடிச்சிட்டு வா" என்று அனுப்பிவிட்டான்.

ஓணப் பரீட்சைக்கு அப்போது ஒரு வாரம் இருந்தது. எழுதிக் கொடுக்க வேண்டிய கடிதத்தை அவள் எழுதியே வைத்திருந்தாள். திங்கட்கிழமை காலை வேறு வழியில்லாமல் சாவியை அவளிடம் கொடுத்தேன். அவளிடமும் லைசென்ஸ் இருந்தது. கல்யாணமான புதிதில் நெய்யாற்றின்கரையில் ஒரே டிரைவிங் ஸ்கூலில்தான் இரண்டு பேரும் படித்தோம். டெஸ்டில் ஹெச் போடும்போது நான் கம்பத்தைத் தட்டித் தோற்று, மறுதடவைதான் தேறினேன். அவள் முதல் தடவையிலேயே தேறினாள். ஆனாலும் கார் வீட்டுக்கு வந்த அன்று வலப்பக்கக் கதவைத் திறந்து நான்தான் உட்கார்ந்தேன். அவளும் இடப்பக்கம் சுற்றிப் போனாள்.

நான் பின்னால் குப்புறப் படுத்து, தகரத்தில் காதை வைத்தேன். அவள் நிதானமாக ஓட்டினாள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, ஹார்ன் அடித்து, ஒரே இழுப்பில் திருப்பினாள். ஏழெட்டு வளைவு தாண்டியதும் எனக்குப் பிடிபட்டது. இடது முனையின் இணைப்பு நட்டு. "கெடச்சாச்சு!" என்று கத்தினேன். மறுநிமிடம் என் வயிறு மேலே வந்தது.

"நிறுத்து, நிறுத்து."

ரப்பர் மரத்தைப் பிடித்துக்கொண்டு காலையில் குடித்த சாயாவையெல்லாம் எடுத்தேன். அவள் தண்ணீர்க் குப்பியோடு பக்கத்தில் வந்து முதுகைத் தடவினாள். அப்போதுதான் கவனித்தேன். வெள்ளறடை தாண்டியாயிற்று, அவள் முகம் தெளிந்திருந்தது.

"ஒனக்கு ஒண்ணும் செய்யலியா?"

"இல்லியே." அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "ஸ்டியரிங்கு கையில இருந்தா பொரட்டாது போலுக்கு."

"அப்பம் இத்தன நாளும் நான் ஓட்டட்டான்னு ஒரு வார்த்த கேக்கப்படாதா?"

"நீங்க ஒரு நாளாவது எறங்கித் தந்தீளா?" என்றாள். கோபமே இல்லை அந்தக் குரலில்.

அன்று மாலை கடிதத்தைக் கிழித்தாள். மேலும் நாலு வருடம் அதே பள்ளிக்கு அதே வழியில் அவளே ஓட்டிப் போனாள். நான் பஸ்ஸில் அலுவலகம் போனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் காரின் அடியில் படுத்து நட்டுகளை முறுக்கி, புஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்தேன்.

பட்டறை நண்பன் எப்போது பார்த்தாலும், "கம்பி போட்ட பொறவு அவளுக்கு சொகமாயிட்டுல்லா மக்கா?" என்று பெருமையாகக் கேட்பான். "ஆமா, எல்லாம் உனக்க கம்பிதான்" என்பேன். ஒருமுறை அவளும் பக்கத்தில் இருந்தாள். நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள். காரை ஸ்டார்ட் செய்துவிட்டு, நான் ஏறுவதற்காகக் காத்திருந்தாள்.