அம்மாவிடம் மறைத்த மகிழ்ச்சி

மாடிப்படியில் அம்மாவின் செருப்பொலி கேட்டதும் என் கை தானாகக் கூந்தலுக்குப் போகும். படிக்குப் படி நின்று மூச்சு வாங்கித்தான் அவர் ஏறுவார். அவர் மேலே வந்து சேர்வதற்குள் தலையிலிருந்த மல்லிகைச் சரத்தை எடுத்துக் கிண்ணத்தில் இட்டுக் குளிர்பெட்டிக்குள் வைத்துவிடுவேன். தோடுகளைக் கழற்றி மேசை இழுப்பறையில் போடுவேன். வானொலி பாடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்துவேன். கதவைத் திறக்கும்போது முகம் எப்படி இருக்க வேண்டும் என்பதைக்கூடப் பழகி வைத்திருந்தேன். ஐம்பதை நெருங்கிய ஒருத்தி, கல்லூரியில் தமிழ் கற்பிப்பவள், தான் வாடகை கொடுத்து வாழும் வீட்டில் தன் மகிழ்ச்சியின் தடயங்களை இப்படித் துடைத்துக்கொண்டிருந்தாள் என்றால் என் மாணவியர் நம்பமாட்டார்கள். என் அம்மாவை அறிந்தவர்கள் நம்புவார்கள்.

நாங்கள் நெல்லித்தோப்பில் ஒரு சிறிய கிறித்தவச் சபையில் வளர்ந்தோம். தகரக் கூரை வேய்ந்த ஒரு கூடம். பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பங்கள் சில. அவர்களை நடத்திய ஒரு மூப்பர். அச்சபையைப் பற்றி நான் எளிதில் குறைகூற இயலாது. என் தந்தையை எங்களுக்கு மீட்டுத் தந்தது அதுதான். ஆலையில் தறி ஓட்டியவர் அவர். மாலையில் சாராயக் கடையிலிருந்து யாரேனும் அவரைத் தோள்கொடுத்து அழைத்துவர வேண்டியிருந்த காலம் ஒன்று உண்டு. மூப்பரும் வேறு சிலரும் இரவு பகலாக எங்கள் வீட்டில் வந்தமர்ந்து, அவர் நடுங்கிய நாள்களில் கையைப் பிடித்துக்கொண்டு வேண்டினார்கள். அவர் குடியை விட்டார், பிறகு தொடவேயில்லை. அதை அடுத்த ஞாயிறன்று அம்மா பூவையும் பொட்டையும் தோட்டையும் தாலியையும் துறந்து, வெள்ளைச் சேலை உடுத்திச் சபையில் போய் உட்கார்ந்தார். சபையின் ஒழுங்கு அது. அம்மாவுக்கோ அது, கணவரை மீளப் பெற்றதற்குச் செய்த கைம்மாறு.

அந்தக் கைம்மாற்றில் என் பங்கு, கேட்கப்படாமலே எனக்கு வந்து சேர்ந்தது. பூ இல்லை, திரைப்படம் இல்லை, வானொலி இல்லை. மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் செல்லும் மேளங்கள் எங்கள் தெருவைக் கடக்கும்போது அம்மா சாளரத்தைச் சாத்துவார்; நாங்கள் உரத்த குரலில் பாட வேண்டும். பாடும் என் வாய் சபையினுடையது; பாவாடைக்குள் முழங்காலில் தாளமிட்ட விரல்கள் தெருவினுடையவை. ஒருமுறை பள்ளித் தோழி ஒருத்தி தன் கனகாம்பரத்தில் பாதியைக் கிள்ளி என் சடையில் செருகிவிட்டாள். மறந்து அப்படியே வீடு வந்துவிட்டேன். அம்மா அடிக்கவில்லை. பூவை மெல்ல எடுத்து வெளியே போட்டுவிட்டு, என்னை முழந்தாளிடச் செய்து, தானும் அருகில் முழந்தாளிட்டு அழுதார். அடித்திருந்தால் மறந்திருப்பேன். அன்று முதல் பூ என்றால் அம்மாவின் அழுகை என்றாயிற்று.

படித்தேன், கல்லூரியில் வேலை கிடைத்தது. சபைக்குள் எனக்கேற்ற மணமகன் அமையவில்லை. வெளியே தேடுவது வழக்கமில்லை. அதனால் தனியளாகவே இருந்தேன். தந்தை மறைந்தபின் அம்மாவும் நானும் தம்பியின் குடும்பத்தோடு வாழ்ந்தோம். ஒரு நாள் மூப்பர் என்னை அழைத்து, வேறு தெய்வங்களைப் போற்றும் பாடல்களை என் வாயால் வகுப்பில் சொல்லலாகாது என்றார். அவற்றை விலக்கித் தமிழ் கற்பிக்க எனக்குத் தெரியாது என்றேன். அவர் சினக்கவில்லை, வருந்தினார். அவருடைய வருத்தம் மெய்யானது என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆயினும் அடுத்த ஞாயிறன்று சபையில் அறிவித்தார்: நான் மனம் திரும்பும்வரை என்னை மீட்க என்னோடு பேசலாம், என்னோடு உண்ணலாகாது. பெண்கள் பக்கத்தில் முக்காடிட்டு அமர்ந்திருந்த அம்மா தலையை நிமிர்த்தவில்லை. அன்று நண்பகல் தம்பி தன் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனான். அம்மா எனக்குப் பரிமாறிவிட்டு, தான் உண்ணாமல் சுவரில் சாய்ந்து நின்றார். நான் அந்த வீட்டில் இருக்கும்வரை அவர் பட்டினி கிடப்பார் என்று தெரிந்தது. அம்மாதம் முடியுமுன் ரெட்டியார்பாளையத்தில் ஒரு மாடி வீட்டுக்குக் குடிபெயர்ந்தேன்.

வெளியேறியவுடன் மகிழ்ச்சி வந்துவிடவில்லை. முதலில் வந்தது அச்சம். சிறு காய்ச்சல் கண்டாலும் தண்டனை தொடங்கிவிட்டது என்று நடுங்குவேன். ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் வெறுமையாக நீண்டன. வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு எங்கும் போகாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்ததுண்டு. என்னைக் கட்டிலிலிருந்து எழுப்பியவர், எங்கள் கல்லூரியில் பிரெஞ்சு கற்பித்த தோழி. நாள் தவறாமல் மாதா கோயிலுக்குப் போகும் கிறித்தவர். கழுத்தில் சிலுவை, நெற்றியில் பொட்டு, தலையில் கொத்துப் பூ. இவை ஓருடம்பில் சண்டையின்றி இருக்க முடியும் என்பதே எனக்குப் புதுமை. முதன்முதலாக நான் பூ வாங்கிக்கொண்டு ஆசிரியர் அறைக்கு வந்தபோது, அதைத் தலையில் எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் விழித்தேன். அவர் தம் கொண்டை ஊசியை எடுத்துச் செருகிவிட்டுச் சொன்னார்: "பூவப் பத்தி மணிக்கணக்கா பாடம் எடுக்கறீங்க மதாம். ஒரு மொழம் வெச்சிக்கத் தெரியல." அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். காது குத்திக்கொண்டது அதற்குப் பிறகு. பக்கத்தில் ஒரு கைக்குழந்தையும் காது குத்திக்கொள்ள வந்திருந்தது. அதைவிட நான்தான் அதிகம் அழுதேன் என்று தோழி இன்றும் சொல்லிக் காட்டுவார். மெல்ல மெல்ல ஞாயிறு எனக்குரியதாயிற்று. கடற்கரைச் சாலையில் விடியலில் நடப்பேன். வீடு திரும்பி நெடுநேரம் காப்பி குடிப்பேன். பாத்திரம் கழுவுகையில் சபைப் பாடல் ஒன்று தானாக வாயில் வரும். அதையும் தடுக்கமாட்டேன்.

அம்மா மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை பேருந்தேறி வருவார். மூப்பரின் சொல்லை அவர் அதன் எல்லைக்கு அப்பாலும் கடைப்பிடித்தார். உணவைத்தான் விலக்கச் சொன்னார்கள், அம்மா தண்ணீரையும் விலக்கினார். கோடை வெயிலில் நா வறண்டு வந்தமர்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்ப்பார். என் சமையலறையில் குழம்பு மணக்கும். பெற்ற தாய் என் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் அருந்தாமல் எழுந்து போவதை மாதாமாதம் பார்ப்பது எத்தகைய வலி என்பதைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

விட்டுப் போனவர்கள் அழுதுகொண்டு திரும்புவார்கள் என்பது மூப்பர் அடிக்கடி சொல்லும் சொல். அம்மா அந்த அழுகைக்காகவே காத்திருக்கிறார் என்று நான் முடிவு செய்துகொண்டேன். என் துயரம் அவருக்கு நம்பிக்கை. நான் மகிழ்ந்திருக்கிறேன் என்று தெரிந்தால், இவள் இனித் திரும்பமாட்டாள் என்று கைவிட்டுவிடுவார். படியேறி வருவதும் நின்றுவிடும். ஆகவேதான் பூவும் தோடும் மறைந்தன. முதுகு வலிக்கிறது என்பேன். உறக்கம் வரவில்லை என்பேன். அம்மா என் கையைத் தடவிக் கொடுத்துவிட்டுக் கனத்த முகத்தோடு இறங்கிப் போவார். அவர் தெருமுனை திரும்பியபின் பூவை எடுத்து வைத்துக்கொள்வேன். குளிர்ந்த பூ தலையில் சில்லென்று உறுத்தும். இப்படியே சில ஆண்டுகள் கழிந்தன.

அம்மா வழக்கமில்லாத ஒரு நாளில், ஒரு விடுமுறையன்று முன்னறிவிப்பின்றி வந்துவிட்டார். அப்போது நான் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தேன். முந்தைய நாள் வண்டியோடு ஓர் இளநீர்க் கடைக்குள் புகுந்துவிட்டேன். கடைக்காரர் திட்டாமல், விழுந்ததுதான் விழுந்தீர்கள், ஓர் இளநீர் குடித்துவிட்டுப் போங்கள் என்றார். தோழி அக்காட்சியை என் வீட்டு நடுக்கூடத்தில் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். நான் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தேன். செருப்பொலி கேட்கவில்லை. நிமிர்ந்தபோது அம்மா வாயிலில் நின்றார். என் கை கூந்தலுக்குப் போயிற்று.

"எடுக்காத," என்றார் அம்மா.

கை அந்தரத்தில் நின்றது. அம்மா உள்ளே வந்து மெல்ல உட்கார்ந்தார். தோழி நிலைமை புரிந்து அடுக்களைக்குள் ஒதுங்கினார்.

"தெனமும் இப்பிடித்தான் சிரிச்சிக்கிட்டு இருப்பியா?"

பொய் சொல்ல வரவில்லை. ஆமாம் என்றேன்.

"அப்ப நான் வரும்போது மட்டும் ஏன் அந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு இருந்த?"

"நீ வராம நின்னுடுவியோன்னு பயம்மா. நான் அழுவணும்னுதான நீ காத்துக்கிட்டு இருக்க."

அம்மா என்னைப் பாராமல் தம் கைகளைப் பார்த்துச் சொன்னார்: "மூப்பரு சொன்னாரு, அழுதுக்கினு வருவான்னு. நான் ஒவ்வொரு தபாவும் இங்கேர்ந்து போயி, ஆண்டவரே, அவ வந்தாலும் வராட்டியும் அழாம இருக்கணும்னு முட்டி போட்டுக் கேட்டேன். கேட்டுட்டு வந்து பாத்தா நீ அதே மூஞ்சியோட நிப்ப. என் ஜெபம் அவருக்குக் கேக்கலன்னு நெனச்சேன்டி."

அம்மா என் தலையைத் தொட்டு, சரிந்திருந்த சரத்தை நேராக்கினார். "நான் பூவ எடுத்தது உங்கப்பா குடிய விட்டதுக்காக. நீ எதுக்கு எடுக்கற?" என்றார். பிறகு அடுக்களைப் பக்கம் குரல் கொடுத்து, அந்த இளநீர்க் கதையை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். தோழி மறுபடி நடித்தார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தோள்கள் மட்டும் குலுங்கின. அன்றும் அவர் தண்ணீர் அருந்தவில்லை.

அடுத்த முறை வந்தபோது அவராகவே பேச்சைத் தொடங்கினார். சபையை அவர் விடமாட்டார். அதை நான் கேட்கவும் மாட்டேன். ஆனால் அவர் வழியெல்லாம் எண்ணிக்கொண்டு வந்திருந்தார். "உன்கூட சாப்புடக் கூடாதுன்னுதான சொன்னாரு. நீ ஆக்குனத சாப்புடக் கூடாதுன்னு யாரும் சொல்லல. சோத்தப் போட்டு வெச்சிட்டு வெளியே போயி நில்லு. கதவ சாத்திக்க." நான் சோற்றையும் நெத்திலிக் குழம்பையும் பரிமாறிவிட்டு, மொட்டைமாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, விழுப்புரம் சாலையில் போகும் பேருந்துகளைப் பார்த்தபடி நின்றேன். உள்ளே தட்டில் விரல் படும் ஓசை கேட்டது. சற்றுக் கழித்துக் குரல் வந்தது: "உப்பு கம்மி." வெயிலில் நின்றுகொண்டு நான் அழுதேன், அது மூப்பர் சொன்ன அழுகையன்று.

அந்த ஏற்பாடு இன்றுவரை நீடிக்கிறது. நான் பணி ஓய்வு பெற்றுவிட்டேன். அம்மாவுக்கு எண்பது கடந்துவிட்டது. தம்பி வண்டியில் கொண்டுவந்து கைத்தாங்கலாக மேலேற்றிவிட்டுப் போகிறான். அவர் உண்ணும்வரை நான் வெளியே. அவர் கைகழுவிய பின் நான் உண்ண, அவர் வெளியே நாற்காலியில். உலகத்தார்க்கு இது நகைப்பாகத் தோன்றலாம். தன் இறைவனையும் தன் மகளையும் ஒருங்கே கைவிடாமலிருக்க ஒரு முதியவள் கண்டுபிடித்த வழி இது. இதைவிட நுட்பமான அறவுரை எதையும் நான் கற்றதில்லை.

சென்ற வைகாசியில் ஒரு சனிக்கிழமை, அம்மா உண்ணத் தொடங்கியதும் மின்சாரம் நின்றது. சாத்திய கதவுக்குப் பின்னால் அவர் புழுங்குவார் என்று நான் தவித்துக்கொண்டிருக்கையில் உள்ளிருந்து அழைத்தார். "கதவத் தெற, காத்து வரட்டும்." திறந்தேன். அவர் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "மணி என்னா ஆவுது, நீயும் ஒரு தட்டுல போட்டுக்கிட்டுப் போ. அங்கயே நிழல்ல உக்காந்து சாப்புடு," என்றார். நான் போட்டுக்கொண்டு வந்து மாடிச் சுவரின் நிழலில் அமர்ந்தேன். திறந்த கதவுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். தம்பியின் பேரன் பள்ளியில் செய்த குறும்பை அவர் சொல்ல, உரத்த குரல் தேவைப்படாமல் நான் கேட்டுக்கொண்டே உண்டேன். அவர் இன்னொரு கை சோறு போட்டுக்கொண்டார். சிறிது நேரத்தில் மின்சாரம் வந்து விசிறி சுழலத் தொடங்கியது. அம்மா அண்ணாந்து அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கதவைச் சாத்தச் சொல்லவில்லை.